முதல் ஊகமே பலிக்க வேண்டும்

2012 அக்டோபரில், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தையும் ஸ்டான்ஃபோர்டையும் சேர்ந்த ஆறு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். இணையக் கடைகளின் கட்டண நிரல்கள், மொபைல் வங்கிச் செயலிகள் போன்ற பிரவுசர் அல்லாத மென்பொருள்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். இவை மறுமுனையில் இருப்பது உண்மையான சர்வர்தானா, நடுவில் புகுந்த திருடனா என்று எப்படிச் சரிபார்க்கின்றன என்பதுதான் கேள்வி. பெயர்பெற்ற பல மென்பொருள்களில் அந்தச் சரிபார்ப்பு நடக்கவே இல்லை என்று தெரிந்தது. அவர்கள் காட்டியவற்றுள் ஒன்றை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அமேசானின் ஃபிளெக்சிபிள் பேமென்ட்ஸ் சேவைக்கு ஒரு பிஎச்பி லைப்ரரி இருந்தது. அது சர்வரோடு பேசுவதற்குக் ‘கர்ல்’ என்ற புகழ்பெற்ற லைப்ரரியைப் பயன்படுத்தியது. கர்லில் ‘வெரிஃபை பியர்’, ‘வெரிஃபை ஹோஸ்ட்’ என்று அடுத்தடுத்து இரண்டு அமைப்புகள் உண்டு. முதலாவது, சர்வர் காட்டும் சான்றிதழ் நம்பத்தக்க இடத்திலிருந்து வந்ததா என்று பார்க்கிறது. இரண்டாவது, அந்தச் சான்றிதழில் உள்ள பெயரும் நாம் தேடிப்போன சர்வரின் பெயரும் ஒன்றுதானா என்று பார்க்கிறது. முதலாவதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்புகள். ஆகவே நிரலை எழுதியவர் இரண்டாவதற்கும் ‘ஆம்’ என்று பொருள்படும் ‘ட்ரூ’ என்பதையே கொடுத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் கொடுப்பார்கள்.

ஆனால் வெரிஃபை ஹோஸ்ட்டுக்கு 0, 1, 2 என்று மூன்று மதிப்புகள் இருந்தன. பெயர் பொருந்துகிறதா என்று உண்மையில் பார்ப்பது 2. சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அது யாருடைய பெயரானாலும் சரி என்று விட்டுவிடுவது 1. பிஎச்பி மொழி ‘ட்ரூ’வை எண்ணாக மாற்றும்போது 1 ஆக்குகிறது. ஆக, பாதுகாப்பைச் சேர்க்கிறோம் என்று நினைத்து எழுதிய வரியே பாதுகாப்பை நீக்கிவிட்டது. இதில் மிகவும் வருத்தமானது, அவர் அந்த வரியை எழுதாமலே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பதுதான். எதுவும் சொல்லாவிட்டால் கர்ல் தானாக 2 என்றே எடுத்துக்கொள்ளும். பிழைச்செய்தி வரவில்லை, எச்சரிக்கை வரவில்லை, நிரலும் நன்றாகவே ஓடியது. பேபாலின் ஒரு லைப்ரரியிலும் இதே தவறு இருந்தது. அங்கே பழைய ஓட்டை ஒன்றை அடைக்கப் போனபோது இது புகுந்திருக்கிறது.

தவறு யாருடையது? ஆவணத்தைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்லி நிரலாளர் மேல் பழியைப் போட்டு முடித்துவிடலாம். அந்த ஆறு பேரும் அப்படி முடிக்கவில்லை. பொத்தல்களுக்கு வேர்க்காரணம் மோசமாக வடிவமைக்கப்பட்ட ஏபிஐகளே என்று அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். கர்ல் குழுவும் தன் ஏபிஐயை மாற்றியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 7.28.1 பதிப்பில், 1 என்று கொடுத்தால் பிழை என்று திருப்பியது. 2019-இல் வந்த 7.66.0 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், 1 என்றாலும் 2 என்றாலும் ஒரே பொருள்தான் என்று ஆக்கிவிட்டது. ‘ட்ரூ’ என்று எழுதுகிறவர் என்ன நினைத்து எழுதுகிறாரோ, கடைசியில் அதுவே நடக்கும்படி ஆயிற்று.

ஏபிஐ வடிவமைப்பு பற்றி நான் சொல்ல வருவது முழுவதும் இந்த ஒரு நிகழ்விலேயே இருக்கிறது. ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் வேலை கேட்பதற்கான வாசல். எந்தப் பெயரில் கேட்க வேண்டும், என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்ற ஏற்பாடு. இணையத்தின் வழியே எட்டும் வாசல் என்றால் வெப் ஏபிஐ. அந்த வாசலில் நாமே நேராகப் போய் நிற்கத் தேவையில்லாமல் நமக்காகப் போய்க் கேட்டு வரும் துணை நிரல்தான் ஹெல்ப்பர் லைப்ரரி. இவை எளிமையாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எளிமை என்றால் என்ன என்பதில்தான் குழப்பம். குறைவான வரிகளில் வேலை முடிவதையே பலர் எளிமை என்கிறார்கள். என் கணக்கு வேறு: பயன்படுத்துகிறவரின் மனத்தில் முதலில் எழும் ஊகம் சரியான வழியாகவும் ஆபத்தில்லாத வழியாகவும் இருந்தால் அது எளிய ஏபிஐ. ஊகம் தப்பினால் அந்தத் தப்பு உடனே, உரக்கத் தெரிய வேண்டும்.

இது வெறும் ரசனை சார்ந்த பேச்சாக இருந்த காலம் ஒன்று உண்டு. அனுபவசாலிகள் தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஜாவா மொழியின் ‘கலெக்‌ஷன்ஸ்’ தொகுதியை வடிவமைத்த ஜோஷுவா பிளாக், கூகுளில் இருந்தபோது 2006-இல் ஊப்ஸ்லா மாநாட்டில் நல்ல ஏபிஐ பற்றி ஆற்றிய உரை இன்றும் பலரால் பார்க்கப்படுகிறது. உள்ளே வேலை செய்யும் நிரலை எழுதுவதற்கு முன்பே, அதைப் பயன்படுத்தப்போகும் நிரலை எழுதிப் பாருங்கள் என்பது அவர் சொன்னவற்றுள் முக்கியமானது. பொன்னான அறிவுரை. ஆனால் வடிவமைப்பாளரே எழுதிப் பார்க்கும்போது ஊகம் தப்புவதில்லை. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவர்கள் இரண்டு இடங்களில் இருந்தார்கள். மைக்ரோசாஃப்டில் ஸ்டீவன் கிளார்க், நிரலாளர்களை அறைக்குள் உட்காரவைத்து, புதிய ஏபிஐ ஒன்றைக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிராட் மையர்ஸும் அவருடைய மாணவர் ஜெஃப்ரி ஸ்டைலோஸும் அதையே சோதனைமுறையாக வளர்த்தார்கள். கிடைத்த முடிவுகளில் சில, மூத்த நிரலாளர்களின் நம்பிக்கைகளைப் புரட்டிப்போட்டன.

ஒரு பொருளை உருவாக்கும்போதே தேவையான விவரங்கள் எல்லாவற்றையும் கட்டாயமாகக் கேட்டு வாங்கிவிட்டால் தவறு நேராது என்பது பொறியாளர்களின் நியாயமான எண்ணம். ஸ்டைலோஸும் கிளார்க்கும் 2007-இல் இதைச் சோதித்தார்கள். முடிவு நேர்மாறாக வந்தது. முதலில் வெறுமையாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு விவரமாக நிரப்புவதையே நிரலாளர்கள் விரும்பினார்கள்; அதில்தான் வேலையும் நன்றாக நடந்தது. ஏனென்றால் முன்பின் தெரியாத ஏபிஐயை அணுகுகிறவர் தொட்டுப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார். வாசலிலேயே ஐந்து விவரம் கேட்டால், அந்த ஐந்தும் என்னவென்று தெரிந்துகொள்ள அவர் வேறெங்கோ அலைய வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டு ஸ்டைலோஸும் மையர்ஸும் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. மின்னஞ்சல் அனுப்பும் ஃபங்ஷன் எங்கே இருக்க வேண்டும்? அஞ்சலிடம் ‘உன்னை அனுப்பு’ என்பதா, சர்வரிடம் ‘இந்த அஞ்சலை அனுப்பு’ என்பதா? தர்க்கப்படி இரண்டும் சரிதான்; வரிகளின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நிரலாளர்களில் பெரும்பாலோர் அஞ்சலிலிருந்துதான் தொடங்கினார்கள். அவர்கள் தொடங்கிய இடத்திலேயே ஃபங்ஷன் இருந்தபோது 2 முதல் 11 மடங்கு வரை வேகமாக முடித்தார்கள். இந்த எண்ணைப் படித்தபோது நான் அசந்துபோனேன். ஒரே வேலை, ஒரே திறமையுள்ள ஆட்கள், வாசல் மட்டும் வேறு இடத்தில். அதற்குத்தான் இத்தனை மடங்கு வேறுபாடு.

ஊகம் வானத்திலிருந்து விழுவதில்லை. முன்பு பயன்படுத்திய ஏபிஐகளின் பழக்கத்திலிருந்து வருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதை ஒரு வழக்கில் எடைபோட வேண்டி வந்தது. ஜாவா ஏபிஐயின் சுமார் 11,500 வரிகளைக் கூகுள் ஆண்ட்ராய்டில் எடுத்துக்கொண்டது நியாயமான பயன்பாடே என்று 2021 ஏப்ரலில் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்த வரிகளின் மதிப்பில் பெரும்பங்கு, அவற்றைக் கற்றுக்கொள்ள நிரலாளர்கள் செலவிட்ட காலத்திலும் உழைப்பிலும் இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான காரணங்களுள் ஒன்று. பதிப்புரிமை பற்றிய வழக்குதான் அது. என்றாலும் வடிவமைப்பாளர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு. புதிய ஏபிஐ எழுதுகிறவர் வெற்றுத்தாளில் எழுதுவதில்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

இனி ஹெல்ப்பர் லைப்ரரிகளுக்கு வருவோம். பைத்தான் மொழியில் இணையப் பக்கம் ஒன்றை எடுப்பதற்கு முன்பு ‘யூஆர்எல்லிப்2’ இருந்தது. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கம் என்றால், முதலில் கடவுச்சொற்களைக் காக்கும் பொருள் ஒன்றை உருவாக்க வேண்டும். அதை அடையாளம் காட்டும் கையாளி ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கையாளியை வைத்துத் திறப்பான் ஒன்றைக் கட்ட வேண்டும். அதை நிறுவ வேண்டும். அதன்பிறகே பக்கத்தைக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் நல்ல காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணங்கள் லைப்ரரியை எழுதியவரின் காரணங்கள். பயன்படுத்துகிறவர் மனத்தில் இருப்பது ஒன்றே: ‘இந்த முகவரி, இந்தப் பெயர், இந்தக் கடவுச்சொல், பக்கத்தைக் கொடு.’

2011-இல் கென்னத் ரைட்ஸ் வெளியிட்ட ‘ரிக்வெஸ்ட்ஸ்’ லைப்ரரி அந்த வாக்கியத்தையே ஒரு வரி நிரலாக்கியது. முகவரியைக் கொடுத்து, பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு சோடியாகச் சேர்த்து, ‘கெட்’ என்றால் போதும். பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணமே, தன் சொந்த லைப்ரரிக்கான பக்கத்தில், ரிக்வெஸ்ட்ஸைப் பயன்படுத்தப் பரிந்துரைக்கிறது. தன் வீட்டு வாசலிலேயே அடுத்த வீட்டின் பெயர்ப்பலகையை மாட்டிய அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

இவ்வளவு அருமையான லைப்ரரியிலும் என்னால் ஏற்க முடியாத இடம் ஒன்று உண்டு. ரிக்வெஸ்ட்ஸுக்குக் காலவரம்பு தானாகக் கிடையாது. நாமே சொல்லாவிட்டால், பதிலே தராத சர்வர் முன் நிரல் கணக்கின்றிக் காத்துக் கிடக்கும். முதல்முறை பயன்படுத்துகிறவர் என்ன ஊகிப்பார்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ‘பதில் இல்லை’ என்று திரும்பிவிடும் என்றுதானே? அவருடைய கணினியில் சோதிக்கும்போது சர்வர் எப்போதும் பதில் சொல்லும். ஊகம் தப்பியது தெரியாது. பிறகு ஒரு நாள், நள்ளிரவில், எங்கோ ஒரு பின்னணி வேலை நின்றுபோய், ஏன் நின்றது என்று யாருக்கும் புரியாமல் இருக்கும். ஆவணத்தில் காலவரம்பு பற்றித் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். கர்ல் விஷயத்திலும் ஆவணத்தில் எழுதித்தான் இருந்தது.

இதை இப்போது மாற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் இந்தத் தொழிலின் கடுமை இருக்கிறது. கூகுளில் பணியாற்றிய பொறியாளர் ஹைரம் ரைட்டின் பெயரால் வழங்கும் விதி ஒன்றுண்டு: பயனர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், ஏபிஐயின் வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பி இருப்பார், ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. நீண்ட நேரம் எடுக்கும் சர்வருக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும் நிரல்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வரம்பு வைத்த அன்றே அவை உடையும்.

வெப் ஏபிஐ என்று வரும்போது நடுவில் நெட்வொர்க் இருக்கிறது. நெட்வொர்க் மறைந்துவிட்டது போலக் காட்டும் லைப்ரரிகள் முதல் நாள் மகிழ்ச்சி தரும். பேருந்துச் சீட்டு விற்கும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயணி ‘பணம் செலுத்து’ என்று அழுத்துகிறார். செயலி, கட்டண நிறுவனத்தின் ஏபிஐக்குக் கோரிக்கை அனுப்புகிறது. பதில் வரவில்லை. இப்போது மூன்று நிலைகள் சாத்தியம்: கோரிக்கை போய்ச் சேரவே இல்லை; போய்ச் சேர்ந்து நடுவில் முறிந்துவிட்டது; பணம் எடுக்கப்பட்டுவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்தது. செயலியின் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மௌனம். மறுபடி அனுப்பினால் இரண்டு முறை பணம் எடுக்கப்படலாம். அனுப்பாவிட்டால் பயணிக்குச் சீட்டு இல்லாமல் போகலாம்.

2011-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஸ்டிரைப் நிறுவனத்தின் ஏபிஐ இதற்குத் தந்த விடை, இந்தத் துறையின் சிறந்த வடிவமைப்புகளில் ஒன்று என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கோரிக்கையோடும் நாம் உருவாக்கிய தனிச் சாவி ஒன்றை அனுப்பலாம். அதே சாவியோடு மறுபடி கோரிக்கை வந்தால் சர்வர் புதிதாகப் பணம் எடுக்காது. முதல் முறை என்ன பதில் சொன்னதோ அதையே மறுபடி சொல்லும். சாவியைக் குறைந்தது 24 மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். ஆகவே பதில் வராதபோது பதறிப்போன நிரலாளர் செய்யும் முதல் காரியமான ‘திரும்ப அனுப்பிப் பார்ப்பது’ இங்கே ஆபத்தில்லாத காரியம் ஆகிவிடுகிறது. அந்நிறுவனத்தின் ஹெல்ப்பர் லைப்ரரிகள் மறுமுயற்சியை இயக்கிவிட்டால் சாவியைத் தாமே உருவாக்கிக்கொள்ளும். சற்று விட்டு, இன்னும் சற்று அதிகம் விட்டு என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே முயலும். லைப்ரரி நெட்வொர்க்கை மறைக்கவில்லை, அதனால் வரும் தொல்லையைத் தான் ஏற்றுக்கொண்டது.

அதே ஏபிஐயில், பணத்தொகையைக் கேட்கும் விதம் எனக்கு முழு நிறைவு தரவில்லை. தொகையை அந்தந்த நாணயத்தின் மிகச்சிறிய அலகில் கொடுக்க வேண்டும். டாலர் என்றால் சென்ட். இந்தியாவில் ரேசர்பேயும் இவ்வாறே பைசாவில் கேட்கிறது; 299 ரூபாய்க்கு 29900 என்று எழுத வேண்டும். காரணம் நியாயமானது. தசமப் புள்ளியோடு எண்களைக் கையாண்டால் கணினி நுண்ணிய பிழைகளைச் செய்யும். முழு எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தப் புலத்தின் பெயர் வெறும் ‘அமவுன்ட்’. முதல்முறை எழுதுகிறவர் 299 என்று கொடுத்தால் 2 ரூபாய் 99 பைசா என்று ஆகும், ஏபிஐ அதை மறுக்காது. ஜப்பானிய யென்னுக்குச் சிறிய அலகே கிடையாது. அங்கே 500 என்றால் 500 யென்தான். டாலரில் பழகியவர் அங்கே 50000 என்று எழுதிவிடுவார். பெயரிலேயே அலகைச் சேர்த்து ‘பைசாவில் தொகை’ என்று வைத்திருந்தால் அந்த ஊகமே எழாது. நாலு எழுத்து கூடுதலாகத் தட்டச்சு செய்வது எளிமைக்கு எதிரானது என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண் என்று எழுதியதெல்லாம் எண்ணாகவே போய்ச் சேரும் என்ற ஊகமும் தப்பக்கூடியதே. ட்விட்டர் 2010-இல் தன் பதிவுகளுக்கு அடையாள எண் தரும் முறையை மாற்றியபோது எண்கள் மிக நீண்டன. ஜாவாஸ்கிரிப்ட் மொழி 9,007,199,254,740,992 வரைதான் முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த எண்ணைக் கொடுத்தால், அதன் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறி முந்தைய எண்ணாகவே வந்து நிற்கும். பதிவைக் கேட்டால் வேறொரு பதிவு வரும், அல்லது ஒன்றும் வராது. அதனால் அதே அடையாளத்தை எழுத்துச்சரமாகவும் இன்னொரு புலத்தில் சேர்த்து அனுப்ப வேண்டி வந்தது. அடையாள எண்ணைக் கூட்டப் போவதில்லை, கழிக்கப் போவதில்லை. அதைத் தொடக்கத்திலேயே எழுத்துச்சரமாக வைப்பதே நல்லது. ஸ்டிரைப் அப்படித்தான் வைத்தது. வாடிக்கையாளரின் அடையாளமா, கட்டணத்தின் அடையாளமா என்று முதல் சில எழுத்துகளிலேயே தெரியும்படியும் செய்தது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றைக் கொடுத்தால் பார்த்த கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பிழைச்செய்திகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உள்ளே பிழையை வைத்துக்கொண்டு வெளியே 200, அதாவது ‘எல்லாம் நலம்’ என்று பதில் தரும் ஏபிஐகள் இன்றும் உண்டு. அவற்றை மன்னிக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிழையை ஒரே வடிவில் சொல்வதற்கு 2016-இல் பொதுத் தரம் ஒன்று வந்து, 2023-இல் புதுப்பிக்கவும் பட்டது. எந்தப் புலம் தவறு, என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் சொல்லும் பிழைச்செய்தி, ஊகம் தப்பியவருக்கு அந்த இடத்திலேயே கிடைக்கும் பாடம். ஆவணத்தைத் தேடிப் போகாதவரும் பிழைச்செய்தியைக் கட்டாயம் படிப்பார்.

ஒருமுறை வெளியிட்ட தவறு எவ்வளவு காலம் வாழும் என்பதற்குத் தேதியைவிட நல்ல சான்று கிடையாது. சி மொழியில் மாதங்கள் 0-இலிருந்து 11 வரை எண்ணப்பட்டன. ஆண்டு 1900-இலிருந்து கணக்கிடப்பட்டது. ஜாவா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1995-இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப்பில் பத்து நாட்களில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை உருவாக்கியபோது, ஜாவாவின் தேதி அதற்குள் வந்து சேர்ந்தது. ஜாவா அதிலிருந்து விடுபட 2014 ஆயிற்று. ஜாவாஸ்கிரிப்ட்டிலோ இன்றும் ‘2024, 1, 30’ என்று தேதி கேட்டால் ஜனவரி 30 வராது. 1 என்பது அங்கே பிப்ரவரி; பிப்ரவரிக்கு முப்பதாம் நாள் இல்லாததால் மறுப்பதற்குப் பதிலாக மார்ச் 1 என்று தள்ளிக்கொண்டுபோய்க் கொடுக்கும். முதல் ஊகமும் தப்புகிறது, தப்பியதும் தெரிவதில்லை. இதற்கு மாற்றாக வந்த ‘டெம்பொரல்’ ஏபிஐயில் ஜனவரி என்பது 1. அந்த முன்மொழிவு 2021-இல் ஜாவாஸ்கிரிப்ட்டைத் தரப்படுத்தும் குழுவின் மூன்றாம் நிலையை எட்டியது. பழைய தேதியை எடுத்துவிட யாரும் துணியவில்லை; அதை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் உலகம் முழுவதும் இருக்கின்றன.

தான் வெளியிட்டதை மாற்றவே முடியாது என்ற இந்த நிலையை ஸ்டிரைப் வேறு விதமாகச் சமாளித்தது. ஒரு கணக்கிலிருந்து முதல் கோரிக்கை வரும் நாளில் ஏபிஐ எந்தப் பதிப்பில் இருக்கிறதோ, அந்தக் கணக்கு அந்தப் பதிப்பிலேயே நிலைபெறும்; பதிப்புகளின் பெயர் தேதியில் தொடங்கும். ஏபிஐ மாறினாலும் பழைய கணக்குகளுக்குப் போகும் பதிலைச் சர்வர் பழைய வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். 2011-இல் எழுதிய நிரலும் தொடர்ந்து ஓடும்படி காத்து வருவதாக அந்நிறுவனம் 2017-இல் எழுதியது. இதற்கு ஆகும் உழைப்பு முழுவதும் ஏபிஐ தருகிறவர் பக்கம். அங்கேதான் அது இருக்கவும் வேண்டும்: அவர்கள் ஒரு குழு, பயன்படுத்துகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எளிய வடிவம் ஒன்றே போதும் என்ற நம்பிக்கையையும் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2017-இல் யாசெமின் ஆசார் முதலானோர், பைத்தானில் உள்ள ஐந்து குறியாக்க லைப்ரரிகளைக் கொடுத்து 256 நிரலாளர்களிடம் சில வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். எளிமையை இலக்காக வைத்து எழுதப்பட்ட லைப்ரரிகளில் பாதுகாப்புத் தவறுகள் குறைந்தது உண்மை. ஆனால் படியெடுத்துப் பயன்படுத்தத்தக்க நல்ல எடுத்துக்காட்டுகள் ஆவணத்தில் இல்லாத இடங்களில் எளிமை கைகொடுக்கவில்லை. பலரால் வேலையை முடிக்கவே முடியவில்லை. வேலை செய்த நிரல்களிலும் ஐந்தில் ஒரு பங்கு, எழுதியவர் பாதுகாப்பானது என்று நம்பியும் பாதுகாப்பில்லாதவையாக இருந்தன. எடுத்துக்காட்டு நிரல் என்பது ஏபிஐக்குப் பின்னிணைப்பு என்று நினைப்பது தவறு. பெரும்பாலோர் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள், அதைத்தான் அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். அதில் காலவரம்பு இல்லையென்றால் அவர்கள் நிரலிலும் இருக்காது.

தமிழில் எழுதுகிற நிரலாளருக்கு இந்தச் சிக்கல் மிக அருகில் இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன? ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். கோ மொழியின் நீளம் காணும் ஃபங்ஷன் 15 என்கிறது. அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 5 என்கின்றன. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று இந்தச் சொல்லில் யூனிகோடு குறியெண்கள் ஐந்து. ஸ்விஃப்ட் மொழி 3 என்கிறது. எல்லாவற்றிலும் ஃபங்ஷனின் பெயர் ஏறத்தாழ ஒன்றுதான், ‘நீளம்’ அல்லது ‘எண்ணிக்கை’. ஆங்கில எழுத்துகளோடு மட்டும் சோதித்தவருக்கு எல்லா விடைகளும் ஒன்றாகவே வந்திருக்கும். ஊகம் தப்பும் என்ற சந்தேகமே அவருக்கு எழுந்திருக்காது. விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு இத்தனை எழுத்து என்று வரம்பு வைக்கும்போதும், நீண்ட தலைப்பை நறுக்கிக் காட்டும்போதும் அதன் விளைவைப் பார்க்கிறோம். நறுக்கிய இடத்தில் ஓர் எழுத்து தன் புள்ளியை இழந்து, மெய் உயிர்மெய்யாகி நிற்கும். சொல்லைத் தலைகீழாக்கச் சொன்னால் ‘ழ்மித’ வராது. புள்ளி முதலில் போய் அநாதையாக நிற்க, இகரம் ழகரத்தில் ஒட்டிக்கொண்டு ‘ழிமத’ என்று வரும்.

குறுஞ்செய்தி அனுப்பும் ஏபிஐகளில் இதற்கு விலையும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கொள்ளும். தமிழ் வந்துவிட்டால் குறியாக்கம் மாறி 70 குறியெண்களாகச் சுருங்கும். செய்தி நீண்டு பகுதிகளாகப் பிரிந்தால் பகுதிக்கு 67. ‘வணக்கம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லே அதில் ஏழு இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு செய்தி என்று நினைத்து அனுப்பியது மூன்றாகப் பிரிந்து மூன்று மடங்கு கட்டணம் ஆவது இப்படித்தான். அனுப்புவதற்கு முன்பே எத்தனை பகுதியாகப் பிரியும் என்று சொல்லும் ஃபங்ஷன் ஹெல்ப்பர் லைப்ரரியில் இருந்தால் இந்த அதிர்ச்சி இல்லை. இன்னொன்று, ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்த்து, அல்லது எகரக் குறியையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்து. திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடச் சொன்னால் வேறு வேறு என்று விடை வரும், முன்கூட்டியே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால். தேடினால் கிடைக்காத பெயர்களில் எத்தனை இதனால் கிடைக்காமல் போகின்றனவோ.

பைத்தானில் ‘ஓப்பன்-தமிழ்’ லைப்ரரி இதற்காகவே எழுத்துகளைப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் ஒன்றை வைத்திருக்கிறது. ‘தமிழ்’ என்றால் த, மி, ழ் என்று மூன்றைத் தரும். பிரவுசர்களில் ‘செக்மென்ட்டர்’ என்ற ஏபிஐ அதே வேலையைச் செய்கிறது. 2024-இல் ஃபயர்ஃபாக்ஸும் அதைச் சேர்த்துக்கொண்ட பிறகு முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. ஆனால் யூனிகோடின் பொதுவிதியைப் பின்பற்றும் ஏபிஐகள் க்ஷ என்பதை க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கும். பள்ளியில் அதை ஒரே கிரந்த எழுத்தாகத்தான் படித்திருக்கிறோம். குறுக்கெழுத்துப் போட்டிக்கு ஒரு கணக்கு, சுட்டுக்குறி நகர்வதற்கு இன்னொரு கணக்கு பொருந்தக்கூடும். தமிழுக்கு ஹெல்ப்பர் லைப்ரரி எழுதுகிறவர் ‘நீளம்’ என்ற பெயரில் எந்த ஃபங்ஷனையும் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பைட் எண்ணிக்கை, குறியெண் எண்ணிக்கை, எழுத்து எண்ணிக்கை என்று மூன்று தனிப் பெயர்கள் வேண்டும். எழுத்து எண்ணிக்கை எதுவும் சொல்லாதபோது க்ஷவை ஒன்றாக எண்ணட்டும். பிரித்து எண்ண வேண்டியவர் அதை வாய்விட்டுக் கேட்கட்டும்.